வான்டி பையன்கள் இப்போது எங்கே? மைனர் லீக்கைப் பின்தொடரும் அனுபவம்

எனக்கு மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால்) அணி என்று ஒன்று கிடையாது. நாஷ்வில்லில், வான்டர்பில்ட் பல்கலையில் (சுருக்கமாக 'வான்டி') படித்த காலத்தில் ஹாக்கின்ஸ் ஃபீல்டுக்குக் கல்லூரி ஆட்டம் பார்க்கப் போய் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்தப் பையன்கள் டிராஃப்ட்டில் (மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) போனபின் எந்த ஊரில், எந்த லீக்கில் ஆடுகிறார்கள் என்று தேடிப் பிடித்துப் பார்ப்பதுதான் இன்றுவரை என் பேஸ்பால். இதற்கு எதெது உதவுகிறது, எதை நம்பக்கூடாது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகிர்வு.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் கீழே தலா நான்கு மைனர் லீக் அணிகள், கீழிருந்து மேலாக: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏ. 2021 சீரமைப்புக்குப் பிறகு மொத்தம் 120. அதற்கும் கீழே அரிசோனா, ஃப்ளோரிடா பயிற்சி வளாகங்களில் நடக்கும் லீக்குகளும் டொமினிகன் கோடை லீக்கும் உண்டு. கல்லூரியில் மூன்று வருடம் முடித்தவர்களோ 21 வயது ஆனவர்களோ டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். 2019 வரை 40 சுற்றுகள் நடந்த டிராஃப்ட் இப்போது 20 சுற்றுதான். முதல் சுற்றில் போனாலும் கடைசிச் சுற்றில் போனாலும் ஏறவேண்டிய ஏணி ஒன்றே. பல படிகளைத் தாண்டி நேராக நடுவில் ஏற்றிவிடப்படுகிறவர்கள் சிலர்தான்.

அப்படி ஏற்றிவிடப்பட்டவர் வான்டி பிட்சர் (பந்துவீச்சாளர்) ஜாக் லைட்டர். 2021 டிராஃப்ட்டில் இரண்டாவதாக டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்தது. ஒப்பந்தத் தொகை 79 லட்சம் டாலருக்கும் மேல். 2022-ல் முதல் தொழில்முறை ஆட்டத்தையே டபுள் ஏ-வில், ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் அணிக்காக ஆடினார். வேலைக்காக டெக்சஸின் ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்த எனக்கு இது தானாகக் கனிந்து மடியில் விழுந்த பழம். இந்த ஊரில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வார இறுதியில் கிரிக்கெட் மட்டையைத் தூக்குபவர்களில் பாதிப் பேருக்கு, பக்கத்திலேயே ஒரு பேஸ்பால் மைதானம் இருப்பது அங்குள்ள செயற்கை நீரோடையால்தான் தெரியும். வலப்பக்க வேலிக்குப் பின்னால், மிதவையில் படுத்தபடி ஆட்டம் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

எனக்குப் பிடித்தது நீரோடை அல்ல, புல்பென். பிட்சர்கள் கை சூடேற்றும் இடம் இங்கே ரசிகர் இருக்கைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், மணிக்கு 95 மைல் பந்து கேட்சரின் கையுறையில் விழும் ஓசை நெஞ்சில் அறைகிறது. தொலைக்காட்சியில் எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த வேகம் புரியாது. லைட்டர் பந்தை விடும் உயரம் குறைவு, ஆனாலும் பந்து மேலே எழுவதுபோல் தோன்றும். அதை அங்கே நின்று பார்த்தால்தான் பேட்டர்கள் ஏன் பந்துக்குக் கீழே மட்டையை வீசுகிறார்கள் என்பது விளங்கும்.

ஹோம் பிளேட்டுக்குப் பின்வரிசை இருக்கைகளையும் கவனியுங்கள். அன்று பந்து வீசாத ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள்) டி-ஷர்ட்டும் தொப்பியுமாக, மடியில் குறிப்பேடு, கையில் வேகமானியோடு உட்கார்ந்து தன் அணிக்காரனின் ஒவ்வொரு பந்தையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் மற்ற அணிகளின் ஸ்கவுட்டுகள், அதாவது வீரர்களை மதிப்பிட வருபவர்கள். எல்லோரும் ஒரே பந்தைத்தான் பார்ப்பார்கள். வேகமானிகள் மட்டும் ஒன்றுக்கொன்று அரை மைல் வித்தியாசம் காட்டும்.

அந்த 2022 சீசன் லைட்டருக்கு நன்றாகப் போகவில்லை. 92.2 இன்னிங்ஸ், 109 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஆனால் 56 வாக் (நான்கு தவறான பந்து வீசி பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகத் தருவது). ஈ.ஆர்.ஏ. 5.54. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்தரை ரன் கொடுத்திருக்கிறார். கூட வந்த கோயம்புத்தூர் நண்பர் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க, இவ்வளவு காசு கொட்டி எடுத்த பையன இங்க போட்டு எதுக்குங்க வாட்டறாங்க? ஐ.பி.எல்.னா அடுத்த மாசமே டிவில வந்திருப்பானுங்க." நியாயமான கேள்வி. பதில் ஸ்கோர் கார்டில் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்றால், யாரும் திறந்துகூடப் பார்க்காத ஒரு பக்கத்தில்: ட்ரான்ஸாக்‌ஷன்ஸ்.

ஒவ்வொரு அணியும் யாரை எங்கே அனுப்பியது, யாரைக் காயப் பட்டியலில் போட்டது, யாரை விடுவித்தது என்பது நாள்வாரியாக மைனர் லீக் இணையதளத்தில் ஒற்றை வரிகளாக வரும். இத்தனை வருடத்தில் நான் கண்டது, மைனர் லீக்கில் உண்மையான கதை ஓடுவது இங்கேதான். ஒரு பையன் .240 என்ற சுமாரான பேட்டிங் சராசரியில் அடித்துக்கொண்டே ஹை ஏ-விலிருந்து டபுள் ஏ-வுக்குப் போகிறானா, அணி அவனிடம் நமக்குத் தெரியாத எதையோ பார்க்கிறது. இன்னொருவன் .310 என்று நன்றாக அடித்தும் மூன்றாவது மாதமாக அதே ஊரில் கிடக்கிறானா, அவனைப் பற்றியும் அணிக்கு ஒரு தீர்மானம் இருக்கிறது. ஏழு நாள் காயப் பட்டியல் சாதாரணம். அது அறுபது நாளாக மாறினால் அடுத்த செய்தி பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். 2023 சீசனின் நடுவில் லைட்டர் பெயருக்கு எதிரே 'டெவலப்மென்ட் லிஸ்ட்' என்று வந்தது. காயமில்லை, இறக்கமும் இல்லை. ஆட்டத்திலிருந்து கொஞ்ச காலம் விலக்கி, பந்துவீச்சு முறையைச் சரிசெய்ய வைத்தார்கள். எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கைகழுவிய நேரம் அது. 2024 ஏப்ரல் 18 அன்று டெட்ராய்ட்டில் மேஜர் லீக் அறிமுகம். அன்றைக்கு ஏழு ரன் கொடுத்தார் என்பது வேறு விஷயம். அந்த வருடம் முழுக்கத் திணறியவர் 2025-ல் ரேஞ்சர்ஸின் ஸ்டார்ட்டர் வரிசையில் நிலைத்துவிட்டார்.

ட்ரான்ஸாக்‌ஷன்ஸ் பக்கத்துக்கும் பருவங்கள் உண்டு. மார்ச் கடைசியில், ஸ்பிரிங் ட்ரெயினிங் முடியும் வாரத்தில், 'ரிலீஸ்' வரிகள் கொத்துக்கொத்தாக வரும். ஜூலையில் டிராஃப்ட் முடிந்ததும் இன்னொரு கொத்து. புதுப் பையன்கள் வந்தால் பழையவர்களுக்கு இடம் இல்லை. ஒரு அணி தன் அமெரிக்க மைனர் லீக் பட்டியலில் வைத்துக்கொள்ளும் வீரர் எண்ணிக்கை 2024 முதல் 180-லிருந்து 165-ஆகக் குறைந்தது. பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 23, 24 வயதில் கல்லூரியிலிருந்து பின்சுற்றுகளில் வந்தவர்கள். நான்கு வருடம் நாம் கத்தி உற்சாகப்படுத்திய பெயர், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், விளக்கம் எதுவும் இல்லாமல் ஒரே வரியில் முடிந்துபோகும். இந்தப் பொழுதுபோக்கில் கஷ்டமான பகுதி இதுதான்.

எண்களுக்கு வருகிறேன். பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தில் கல்லூரி வாரியாக டிராஃப்ட் பட்டியல் எடுக்கலாம். என் வேலை அங்கிருந்துதான் தொடங்கும். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் வயதோடு சேர்த்துப் பார்க்கலாம். வயது இல்லாத மைனர் லீக் எண் எதற்கும் உதவாது. 25 வயதுக்காரர் சிங்கிள் ஏ-வில் வெளுத்து வாங்குவதும் 20 வயதுக்காரர் டபுள் ஏ-வில் தாக்குப்பிடிப்பதும் ஒன்றல்ல. கல்லூரி எண்களை அப்படியே கொண்டுவந்து ஒப்பிடவும் கூடாது. அங்கே உலோக மட்டை, இங்கே மரமட்டை; கைப்பிடிக்கு அருகில் பட்ட பந்துகூட அங்கே வெளிமைதானம் வரை போகும், இங்கே மட்டைதான் உடையும். மைதானமும் முக்கியம். ஆல்புகெர்க்கி போன்ற உயரமான ஊர்களில் பந்து பறக்கும். அப்படிப்பட்ட ஊர்கள் உள்ள பசிபிக் கோஸ்ட் லீக்கில் (ட்ரிப்பிள் ஏ) பிட்சரின் ஈ.ஆர்.ஏ. ஐந்து என்றால் நான் பதறுவதில்லை.

ட்ரிப்பிள் ஏ வரை வந்துவிட்டவர்களுக்கு 2023 முதல் பேஸ்பால் சாவன்ட் தளத்தில் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு முறையின் தரவு கிடைக்கிறது. பந்தின் வேகம், சுழற்சி, மட்டையில் பட்டுக் கிளம்பும் வேகம் எல்லாம் உண்டு. ஸ்பென்சர் ஜோன்ஸ் போன்றவரைப் புரிந்துகொள்ள இது அவசியம். 2022-ல் யாங்கீஸ் முதல் சுற்றில் எடுத்த, ஆறரை அடி உயர வான்டி ஆள். 2024-ல் சாமர்செட்டில் (யாங்கீஸின் டபுள் ஏ அணி) 200 முறை ஸ்ட்ரைக் அவுட். மறுவருடம் டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏ இரண்டிலும் சேர்த்து 35 ஹோம் ரன். அடித்தால் சிட்டாய்ப் பறக்கிறது, ஆனால் எத்தனை முறை அடிபடும்? என் கணிப்பில் அவர் தாக்குப்பிடிப்பார். வீட்டில் என்னோடு பார்ப்பவர் ஒத்துக்கொள்வதில்லை.

ஒளிபரப்பு பற்றி. எம்.எல்.பி. டிவி சந்தாவோடு இப்போது மைனர் லீக் ஆட்டங்களும் சேர்ந்தே வருகின்றன. தனியாக வாங்க வேண்டியதில்லை. பணத்துக்கு மோசமில்லை. ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ட்ரிப்பிள் ஏ-வில் பல கேமராக்கள், நல்ல வர்ணனை. கீழே இறங்க இறங்க கேமரா குறையும். சில ஊர்களில் மழை வந்தால் லென்ஸைத் துடைக்கக்கூட ஆள் இருக்காது. நான் பயன்படுத்திய செயலிகளில் ஒன்று, வீரர் அணி மாறியதும் அவருக்கான அறிவிப்பையே நிறுத்திவிட்டது. ட்ரேட் ஆன பையனைத்தான் நாம் முக்கியமாகத் தேடுவோம் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். வான்டி ஆட்களுக்கு ட்ரேட் சாதாரணம்: ஆஸ்டின் மார்ட்டினை டொரான்டோ எடுத்தது, மேஜர் லீக் அறிமுகம் மின்னசோட்டாவில். பிரையன் ரெனால்ட்ஸை ஜயன்ட்ஸ் எடுத்தது, ஆடியது பிட்ஸ்பர்க்குக்கு. ஆகவே பட்டியலை நானே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்திருக்கிறேன். பெயர், வயது, அணி, படி, கடைசி ட்ரான்ஸாக்‌ஷன். வேறெதுவும் வேண்டாம்.

குமார் ராக்கரைச் சொல்லாமல் முடியாது. இந்தியத் தாய்வழி வந்தவர். பெயரைப் பார்த்தே நம்மூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2019 ஜூனில், முதலாண்டு மாணவராக, டியூக்குக்கு எதிராக 19 ஸ்ட்ரைக் அவுட்டுடன் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம்) வீசியவர். அந்த வருடம் வான்டர்பில்ட் கல்லூரி உலகத் தொடரையும் வென்றது. 2021-ல் மெட்ஸ் பத்தாவதாக எடுத்து, 60 லட்சம் டாலருக்குப் பேசி, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கையெழுத்திடாமல் விட்டது. அடுத்த வருடம் ஃபிரன்டியர் லீக் என்ற சுயேச்சை லீக்கில், நியூயார்க் மாநிலத்தின் ட்ரை-சிட்டி வேலிகேட்ஸுக்கு வீசினார். அந்த அணியே 2020 முடிவில் மேஜர் லீக் தொடர்பை இழந்து தனித்துவிடப்பட்டதுதான். அங்கே 20 இன்னிங்ஸில் 32 ஸ்ட்ரைக் அவுட். ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023-ல் ஹிக்கரியில் (அப்போது ரேஞ்சர்ஸின் ஹை ஏ அணி) ஆறு ஆட்டம், பிறகு முழங்கை அறுவை சிகிச்சை. 2024 கோடையில் மீண்டு ஃபிரிஸ்கோ வந்து, ட்ரிப்பிள் ஏ-வான ரவுண்ட் ராக் போய், செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக். நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக் அவுட். இந்த மொத்தப் பாதையையும் டிராஃப்ட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த நான்கு இன்னிங்ஸ் போதும்.

பொறுமைக்கு உச்சம் இன்னொரு வான்டி ஆள், மைக் யஸ்திரெம்ஸ்கி. 2013-ல் 14-ஆம் சுற்று. பால்டிமோர் அமைப்பிலேயே ஆறு வருடம் மைனர் லீக். 2019 மார்ச்சில் ஜயன்ட்ஸுக்கு ட்ரேட், மே மாதம் 28 வயதில் அறிமுகம், அந்த சீசனிலேயே 21 ஹோம் ரன். இப்படி ஒருவர் தேறுவதால்தான் ஸ்ப்ரெட்ஷீட்டில் 27 வயதுக்காரர்களின் வரிகளை நான் அழிப்பதில்லை.

சம்பளம் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வரி: 2023-ல் வீரர் சங்கம் செய்த ஒப்பந்தத்துக்கு முன் டபுள் ஏ வீரரின் ஆண்டுச் சம்பளம் 13,800 டாலர், அதன்பின் 30,250. தங்குமிடம் 2022 முதல் அணிகளின் பொறுப்பு. முன்பு ஒரே அறையில் நாலைந்து பேர் காற்றுமெத்தையில் படுத்தவர்கள்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு: ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. ஸ்டார்ட்டர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவார். ஆகவே முன்கூட்டியே டிக்கெட் எடுக்காதீர்கள். உத்தேச பிட்சர் பட்டியல் வந்தபின் அன்றைய டிக்கெட்டை எடுங்கள். வார நாட்களில் இடம் எப்படியும் கிடைக்கும். பேட்டருக்காகப் போகிறீர்கள் என்றால் சனிக்கிழமை சரி. ஞாயிறு பகலில் டெக்சஸ் வெயிலுக்கு மூன்றாவது பேஸ் பக்கம் உட்காரும் முன், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று டிக்கெட் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.