முன்னுரிமைக் குறியை எங்கே இடுவது: விலான் டேக்கிலா, ஐபி தலைப்பிலா?

அலுவலகத்திலிருந்து பெரிய கோப்பு ஒன்று ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொலைபேசிக் குரல் உடைவதற்குக் காரணம் வெளியேறக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) வரிசைதான். விநாடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 12 மில்லிவிநாடி ஆகிறது. அப்படிப் பத்து பாக்கெட்டுகள் முன்னால் நின்றால் குரல் பாக்கெட் 120 மில்லிவிநாடி காத்திருக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. அதில் பெரும்பகுதி அலுவலக வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது. குரலை முன்னே விட வேண்டுமானால், அது குரல் என்று பாக்கெட்டின் தலைப்பில், அதாவது முகவரி போன்ற விவரங்கள் இருக்கும் முன்பகுதியில், குறித்திருக்க வேண்டும்.

ஒரு வழி, ஈதர்நெட் சட்டகத்தில் (உள்ளூர் நெட்வொர்க்கில் ஐபி பாக்கெட்டைச் சுற்றியிருக்கும் உறை) சேரும் 4 பைட் விலான் டேக். ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கும் அடையாளம் இது. அதில் 3 பிட்டுகள் முன்னுரிமைக்கு. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். ஐபி தலைப்பைத் திறந்து பார்க்காமலேயே சுவிட்ச் இதைப் படித்துவிடும். துணைமின் நிலையங்களில் கருவிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் கூஸ் என்ற அவசரச் செய்திகளுக்கு ஐபி தலைப்பே கிடையாது. அங்கே இதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ரவுட்டர் ஈதர்நெட் உறையைக் கழற்றும்போது குறியும் கூடவே போய்விடுகிறது.

மற்றொரு வழி, ஐபி தலைப்பிலேயே இருக்கும் டிஎஸ்சிபி என்ற குறி. 1981-இல் ஐபி தலைப்பின் ஒரு பைட்டில் முன்னுரிமைக்கு 3 பிட்டுகள்தான் இருந்தன. 1998-இல் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2474 அதே பைட்டில் 6 பிட்டுகளை ஒதுக்கி 64 மதிப்புகளுக்கு இடம் தந்தது. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இலும் இதே முறைதான். (அங்குள்ள 20 பிட் ஃப்ளோ லேபிளை முன்னுரிமைக் குறி என்று பலர் எண்ணுகிறார்கள், அது ஒரே உரையாடலின் பாக்கெட்டுகளை அடையாளம் காட்ட மட்டுமே.) இந்தக் குறி ரவுட்டர்களைக் கடந்தும் நிற்கும். எனினும் இணையச் சேவை நிறுவனம் அதை மதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பூஜ்யமாக்கிவிடவும் செய்யலாம்.

என் தேர்வு டிஎஸ்சிபி. தொலைபேசியிலேயே இட்டுவிடுங்கள், விலான் குறியைச் சுவிட்ச் அதிலிருந்து வருவித்துக்கொள்ளட்டும். எந்தச் செயலியும் தன் பாக்கெட்டில் உயர்ந்த குறியை எழுதிக்கொள்ள முடியும் என்பதால், தொலைபேசி இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பும்படி சுவிட்சுக்குச் சொல்லுங்கள்.

வருவிக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. டிஎஸ்சிபியில் குரலுக்கான மதிப்பு 46. இரும எண்ணில் 101110. முதல் 3 பிட்டுகளை மட்டும் வெட்டி எடுத்தால் 101, அதாவது 5. கம்பிவழி நெட்வொர்க்கில் 5 குரலுக்கு வழக்கமாகப் பயன்படும் நிலைதான். வைஃபையிலோ 5 என்பது வீடியோ வரிசை. குரல் வரிசைக்கு 6 அல்லது 7 வேண்டும். சரியாகக் குறியிட்ட குரல் பாக்கெட் கடைசி சில மீட்டரில் ஒரு படி இறங்கிவிடுகிறது. 46-ஐ 6 ஆக மாற்றும்படி 2018-இல் ஆர்எஃப்சி 8325 பரிந்துரைத்தது. உங்கள் ஆக்சஸ் பாயின்ட் அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முன்னுரிமை வரிசைக்கு உச்சவரம்பும் வேண்டும். இல்லையென்றால் மற்ற வரிசைகள் பட்டினி கிடக்கும். ஜி.711 என்ற குரல் குறிமுறையில் அழைப்பு ஒன்றுக்கு ஐபி அளவில் ஒரு திசையில் விநாடிக்கு 80 கிலோபிட் தேவை. 1 மெகாபிட் இணைப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குரலுக்கு ஒதுக்கினால் நான்கு அழைப்புகள் அடங்கும். ஐந்தாவதை அனுமதித்தால் ஐவருக்குமே குரல் உடையும். எனவே அழைப்புகளைத் தொலைபேசி சர்வரிலேயே நான்கோடு நிறுத்திவிடுங்கள்.