‘எல்’-ஆ, ‘லா’-வா? ஸ்பானிஷ் சொல்லின் பாலை நினைவில் வைக்க எந்த வழி நல்லது

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்ததும் நாம் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இதுதான்: மேசை, லா மேசா, பெண்பால், புத்தகம், எல் லிப்ரோ, ஆண்பால். தமிழில் இரண்டுமே அஃறிணை, பேச்சு முடிந்தது. ஸ்பானிஷில் பால் சொல்லோடு ஒட்டியிருக்கிறது, முன்னால் வரும் எல் ஆண்பாலையும் லா பெண்பாலையும் காட்டும். ஒரு ஆளைக் குறிக்கும் பெர்சோனா என்ற சொல், அந்த ஆள் ஆணாக இருந்தாலும் பெண்பால்தான். அதனால் பொருளில் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எப்படி மனதில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி, நான் மூன்று வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதல் வழி, விகுதியைப் பார்ப்பது. ஓ என்று முடிந்தால் ஆண்பால், ஆ என்று முடிந்தால் பெண்பால், இது பெரும்பாலும் பலிக்கும். இதைவிட உறுதியானவை நீண்ட விகுதிகள்: சியோன், தாத், தூத் என முடிபவை பெண்பால் (எஸ்தாசியோன், சியுதாத்), ஆஹே என முடிபவை ஆண்பால் (வியாஹே, மென்சாஹே). ஒரே விதியில் நூற்றுக்கணக்கான சொற்கள் அடங்கிவிடும், இதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஆனால் விலக்குகள் உண்டு. கை என்ற மானோ, லத்தீனிலேயே பெண்பாலாக இருந்ததால் இன்றும் அப்படியே. ஃபோட்டோ என்பது ஃபோட்டோக்ராஃபியாவின் சுருக்கம், அதனால் லா ஃபோட்டோ. கிரேக்கத்திலிருந்து வந்து மா என்று முடியும் ப்ரொப்ளேமா, சிஸ்தேமா, க்ளிமா எல்லாம் ஆண்பால்; காமா (கட்டில்), ஃபோர்மா (வடிவம்) அப்படி வந்தவை அல்ல, அதனால் பெண்பால். பேசும்போது யார் இந்த வரலாற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது? அப்புறம் எ என்றோ மெய்யெழுத்திலோ முடியும் மற்ற சொற்களில் விதி கைவிட்டுவிடும்: குடிக்கும் பால் என்ற லெச்சே பெண்பால், பாலம் என்ற புவென்தே ஆண்பால், சோல் (சூரியன்) ஆண்பால், சால் (உப்பு) பெண்பால்.

இரண்டாவது, எல்லோரும் சொல்லித்தருவது: சொல்லை எப்போதும் எல், லா சேர்த்தே படி. நல்ல பழக்கம்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. பத்து நாள் கழித்து லெச்சே நினைவிருக்கும், முன்னால் இருந்த அந்தச் சின்ன ஒலி உதிர்ந்து போயிருக்கும். இன்னொரு சிக்கல் அகுவா, அதாவது தண்ணீர். அழுத்தமான அ-வில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு ஒருமையில் நேர்முன்னால் எல் வரும். எல் அகுவா என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் அதை ஆண்பால் என்றே நம்பிவிடுவார்.

மூன்றாவதுதான் என் தேர்வு: பால் காட்டும் ஒரு பெயரடையையும் சேர்த்துப் படிப்பது. எல் அகுவா ஃப்ரியா, குளிர்ந்த தண்ணீர். எல் என்று தொடங்கினாலும் ஃப்ரியா உண்மையைச் சொல்லிவிடுகிறது. பன்மையில் லாஸ் அகுவாஸ் ஃப்ரியாஸ் என்று லா திரும்பி வந்துவிடும். அதேபோல லா மானோ ஃப்ரியா (குளிர்ந்த கை), லா ஃப்ளோர் ரோஹா (சிவப்புப் பூ), எல் ஆர்போல் ஆல்தோ (உயரமான மரம்). கண்ணுக்கு ஒரு படம் கிடைக்கிறது, காதுக்கு ஒரு ஓசை கிடைக்கிறது, சொல்லின் இரு பக்கமும் பால் தெரிகிறது. இந்தி கற்றவர்களுக்கு இது புதிதல்ல: அங்கே எல், லா போன்ற ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால் டண்டா பானி (குளிர்ந்த தண்ணீர்), டண்டீ ஹவா (குளிர்ந்த காற்று) என்று அடையோடுதான் பிடித்துக்கொள்ள வேண்டும், பானி ஈ-யில் முடிந்தும் ஆண்பால், ஹவா ஆ-வில் முடிந்தும் பெண்பால். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிராந்தே (பெரிய), வேர்தே (பச்சை) போன்ற அடைகள் இரண்டு பாலுக்கும் ஒன்றே, அவற்றைத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை.

செயலிகளில் நீலம், சிவப்பு என்று நிறம் பூசிய அட்டைகளும் உண்டு. படிக்கும்போது உதவும், வாய் திறந்து பேசும்போது நிறம் வராது.

சரி, நான் இப்போது செய்வது இதுதான்: சியோன், தாத், ஆஹே குழுக்களை விதிக்கே விட்டுவிட்டேன். எ-யிலும் மெய்யிலும் முடியும் மற்றவை, கிரேக்க மா சொற்கள், மானோ, அகுவா, இவை மட்டும் அடையோடு நோட்டில் ஏறுகின்றன, ஒரு நாளைக்கு ஐந்து.