விருந்தா, ஆளுக்கொரு பண்டமா, சந்தைப் பயணமா?

சமையலைத் தொழிலாகக் கொண்ட பெண்களின் சங்கத்தில் ஆண்டுத் திட்டம் போட உட்கார்ந்தால் வாக்குவாதம் தொடங்கிவிடும். அடுத்த சந்திப்பை எங்கே வைப்பது? நல்ல உணவகத்தில் இரவு விருந்து வேண்டும் என்று ஒரு சாரார் கேட்பார்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவோம் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். விடியற்காலையில் சந்தைக்கோ பண்ணைக்கோ போகலாம் என்று கேட்கும் மூன்றாவது அணி எப்போதுமே சிறியது. சில ஆண்டுகள் இந்த ஏற்பாடுகளைச் சுமந்தவள் என்ற முறையில் மூன்றையும் நடத்திப் பார்த்திருக்கிறேன். நான் அந்தச் சிறிய அணியின் பக்கம். காரணங்களைச் சொல்கிறேன்.

விருந்தில் தொடங்கலாம், ஏனென்றால் இந்த மூன்றில் வரலாறு உள்ளது அதற்குத்தான். பிரெஞ்சு சமையற்கலைஞர் ஓகஸ்ட் எஸ்கோஃபியே 1935-ல் இறந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் நியூயார்க்கில் ஒரு விருந்துச் சங்கம் உருவானது. ஆண்களுக்கு மட்டுமான சங்கம். அதன் விதிகளில் ஒன்று என் மனத்தைவிட்டு நீங்குவதே இல்லை: மேசையில் யாரும் தன் சொந்த விஷயத்தையோ தன் தொழிலையோ பேசக்கூடாது, தொழில் தொடர்புகளைப் பிடிக்கச் சங்கத்தைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் வெளியேற்றம். உணவின் மீது முழுக் கவனம் இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். பிறகு 1976-ல், பத்திரிகையில் உணவு பற்றி எழுதிவந்த கரோல் புரோக் அதே எஸ்கோஃபியே பெயரில் பெண்களுக்கென நியூயார்க்கில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று பல நகரங்களில் கிளைகளோடு அது இயங்குகிறது, இளம் பெண்களின் படிப்புக்கு உதவித்தொகையும் தருகிறது.

வேலையைப் பேசாமல் விருந்து உண்ணும் வசதி, வேலையில் ஏற்கெனவே வேரூன்றியவர்களுக்கே உண்டு. வாய்ப்பு யார் மூலம் வரும், சம்பளத்தை எப்படிக் கேட்பது, பாக்கி வைக்கும் வாடிக்கையாளரை என்ன செய்வது என்பதையெல்லாம் பேச ஓர் இடம் இல்லாததால்தான் பெண்கள் தனியாகச் சங்கம் அமைக்கிறார்கள். ஆகவே ஒரு சந்திப்பை மதிப்பிட என்னிடம் இரண்டே கேள்விகள் இருக்கின்றன. அங்கே வேலையைப் பற்றிய பேச்சு தானாக எழுகிறதா? வந்தவர்களில் யாராவது அங்கேயும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாரா?

இரவு விருந்து இரண்டிலும் தடுமாறுகிறது. நீண்ட மேசையில் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். இரவு முழுக்க அந்த இருவரோடுதான் பேச்சு. புதிதாகச் சேர்ந்த பெண் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, புன்னகைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். உறுப்பினர் ஒருவரின் உணவகத்திலேயே விருந்தை வைத்தால் அவர் உட்காரவே மாட்டார். சக தொழிலாளர்கள் முப்பது பேர் தன் தட்டைப் பார்க்கப்போகிறார்கள் என்ற பதற்றம் அவரைச் சமையலறையிலேயே நிறுத்திவிடும். நேரமும் ஒரு சிக்கல். உணவகத்தில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் உச்ச நேரம். பேக்கரி நடத்துபவர்கள் மூன்று மணிக்கு எழவேண்டியவர்கள், ஒன்பது மணிக்குக் கண் சொருகிவிடும். மிஞ்சுவது ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஓய்வு பெற்றவர்களும். அவர்கள் வரவேண்டியவர்கள்தான், ஆனால் அவர்கள் மட்டுமே வந்தால் சங்கம் பாதியாகிவிடுகிறது.

இருந்தாலும் விருந்தை முழுதாகக் கைவிட எனக்கு மனமில்லை. நாற்பது ஆண்டுகள் பிறருக்குப் பரிமாறிய ஒரு மூத்தவரை உட்காரவைத்து, வேறொருவர் அவருக்குப் பரிமாறும் காட்சிக்கு ஈடில்லை. கௌரவிப்பதற்கும், உதவித்தொகை வழங்குவதற்கும், விடைகொடுப்பதற்கும் விருந்துதான் பொருத்தம். ஆண்டுக்கு ஒன்று போதும்.

ஆளுக்கொரு பண்டம் என்ற ஏற்பாட்டை மலிவானது, எளிமையானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மலிவு உண்மை. எளிமை என்பது தொழில்முறைச் சமையல்காரர்கள் கூடும் இடத்தில் நடக்காத காரியம். சாதாரணமாக ஒரு பாத்திரம் சூப் கொண்டுவர யாருக்கும் துணிவு வராது. முந்தின நாள் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றவர், நள்ளிரவில் இன்னும் இரண்டு மணி நேரம் நிற்பார். சம்பளமில்லாத இன்னொரு ஷிஃப்ட் அது. மேசையில் மூடிகள் திறக்கும்போது ஒரு மௌனம் விழும். ஒவ்வொருவர் கண்ணும் தன் பாத்திரம் எவ்வளவு காலியாகிறது என்றே பார்த்துக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு இன்னொரு கவலை. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் விரைவாகப் பெருகும். சமைத்த பண்டம் அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். இது நம் எல்லோருக்கும் பாடம்போலத் தெரியும். தெரிந்தும், ஒரு கோடைச் சந்திப்பில் முட்டை சேர்த்த குளிர்ந்த இனிப்பு ஒன்று போக்குவரத்து நெரிசலில் மூன்று மணி நேரம் காருக்குள் இருந்து வந்துசேர்ந்தது. செய்தவரே அதைத் திறக்காமல் கொட்டிவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை முழுவதும் அவர் முகம் தெளியவே இல்லை, எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது ஒரே ஒரு மாற்றம்: சரியாக வராத பண்டத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி செய்தோம். நடு அமுங்கிப்போன கேக், கட்டிதட்டிய சாஸ், எத்தனை முறை செய்தும் சுவை நிற்காத ஊறுகாய். அந்த ஒரு விதியில் அறையின் காற்றே மாறிவிட்டது. "மாவை எவ்வளவு நேரம் ஓய்வில் விட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்க, "உங்கள் அடுப்பு காட்டும் சூட்டை நம்பாதீர்கள், தனி வெப்பமானி வையுங்கள்" என்று இன்னொருவர் சொல்ல, ஒரு கேக்கைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். பண்டத்தோடு கூடுவதானால் இந்த வடிவத்தில் மட்டுமே நான் கையொப்பமிடுவேன்.

சேர்ந்து சமைக்கும் கூட்டத்தையும் சிலர் முன்மொழிவார்கள். இரண்டு நிமிடத்தில் ஒருவர் தலைமைச் செஃப் ஆகிவிடுவார், மற்றவர்கள் வெங்காயம் உரிப்பார்கள். அதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது சந்தை. நடக்கும்போது பேச்சுத் துணை மாறிக்கொண்டே இருக்கும், விருந்து மேசை தராத வசதி இது. முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்கக் கூசும் கேள்வியை, இருவரும் ஒரு மீன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிடலாம். கத்தி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிப்பதை, கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் அடுப்புச் சூட்டில் நின்றதை, நள்ளிரவில் தனியாக வீடு திரும்பும் பயத்தைப் பெண்கள் என்னிடம் சொன்னது பெரும்பாலும் சந்தைகளில்தான். பதவி வரிசையும் அங்கே கலைந்துவிடும். பெரிய ஹோட்டலில் கொள்முதல் பிரிவு எல்லாவற்றையும் வாங்கித் தந்துவிடுவதால், அங்குள்ள செஃப் பல ஆண்டுகளாகப் பேரம் பேசியே இருக்க மாட்டார். வீட்டிலிருந்து கேட்டரிங் நடத்தும் பெண்ணோ பெட்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்து, மேலே நல்லதையும் கீழே வாடியதையும் அடுக்கியிருப்பதைச் சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர்.

எல்லாச் சந்தையும் ஒன்றல்ல. பாரிசுக்கு வெளியே உள்ள ருங்கிஸ் மொத்தச் சந்தை 1969-ல் நகரின் நடுவிலிருந்து அங்கே மாறியது. பரப்பு 234 ஹெக்டேர். வியாபாரிகளுக்கான இடம் என்பதால், முன்கூட்டியே ஏற்பாடு செய்த குழுப் பயணமாகத்தான் வெளியாட்கள் சுற்றிப் பார்க்க முடியும். ஆனால் கடைக்கூடங்களுக்குள் நடக்கலாம். டோக்கியோவின் டொயோசு சந்தை 2018 அக்டோபரில் திறந்தது; அங்கே சூரைமீன் ஏலத்தைப் பார்வையாளர்கள் அதற்கென ஒதுக்கிய மாடத்தில் நின்றுதான் பார்க்கிறார்கள். சுகாதாரத்துக்கு அது நல்லது. சங்கப் பயணத்துக்கு, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் இடத்தைவிடத் தொட்டுப் பார்த்து விற்பவரோடு பேசக்கூடிய சிறிய சந்தையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேக்கரிக்காரர்கள் அந்நேரம் அடுப்பின் முன் நிற்பார்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஈரத்தரையில் இரண்டு மணி நேரம் கடினம். அவர்களுக்காகப் பண்ணைப் பயணத்தைப் பிற்பகலில் வைக்கிறோம். அங்கே உட்கார நிழல் இருக்கும், அவசரமும் இல்லை. பதினைந்து பேருக்கு மேல் போனால் வியாபாரிகளின் வழியை மறிக்கிறோம். அதனால் எண்ணிக்கையை அங்கே நிறுத்திவிட்டு, மீதிப் பேருக்கு வேறொரு நாள் குறிக்கிறோம். கழிப்பறை எங்கே என்பதை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருவது ஏற்பாட்டாளரின் முதல் கடமை. ஒருமுறை நான் அதை மறந்தேன், பயணம் பாதியில் முடிந்தது. இன்னொன்று, வேடிக்கை பார்க்க மட்டும் போகக் கூடாது. வேலை நேரத்தில் நமக்குப் பதில் சொன்னவரிடம் ஒவ்வொருவரும் ஏதாவது வாங்கவேண்டும்.

இந்த ஆண்டு ஆறு சந்திப்புகள் குறித்திருக்கிறோம். இரண்டு சந்தை, ஒரு பண்ணை, ஒரு விருந்து, சரியாக வராத பண்டங்களுக்கு ஒரு மாலை. ஆறாவது, மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை தேநீர் மட்டும். உணவகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் ஏப்ரனைக் கழற்றாமலே வரலாம் என்று அழைப்பில் எழுதியிருக்கிறேன்.