பிக் பிளைண்டில் கிங்-3: கவிழ்ப்பதா, கால் பண்ணுவதா?

ரம்மி ஆடிப் பழகியவர்கள் லிமிட் ஹோல்டம் போக்கருக்கு (ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத் தொகை நிர்ணயமாக இருக்கும்; கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து) வந்தால், சீட்டு சரியில்லை என்றதும் கவிழ்த்துவிடுவார்கள். ரம்மியில் அது புத்திசாலித்தனம். முதல் ட்ராப்பில் 20 பாயின்டோடு தப்பிக்கலாம். ஆறு பேர் மேசையில் பிக் பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே பெரிய கட்டாயப் பந்தயம் போடும் இருக்கையில், உட்கார்ந்து அதையே செய்தால் பணம் கசிந்துகொண்டே இருக்கும்.

10-20 டாலர் மேசை என்று வைத்துக்கொள்வோம். கட்டாயப் பந்தயங்களான பிளைண்டுகள் ஸ்மால் 5, பிக் 10. பந்தயம் முதல் இரண்டு சுற்றில் 10, பிறகு 20. பட்டன்காரர் (சீட்டுப் போடும் இருக்கையில் இருப்பவர்) ரைஸ் பண்ணி 20 ஆக்குகிறார், ஸ்மால் பிளைண்ட் ஒதுங்கிவிடுகிறார். நடுவில், அதாவது பாட்டில், 35 கிடக்கிறது; கால் பண்ண, அதாவது ஈடுகட்ட, நீங்கள் போட வேண்டியது 10. நூற்றுக்கு 22 தடவை ஜெயித்தாலே கணக்கு நேராகிவிடும். எல்லாரும் சிரிக்கும் 7-2 ஆஃப்சூட்கூட (இரண்டும் வெவ்வேறு சின்னம்), எதிரில் ஏதோ இரண்டு சீட்டு என்றால் மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும். அதற்காக அதைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஐந்து சீட்டும் விழும்வரை உள்ளே இருந்தால்தான் அந்தக் கணக்கு. நிஜத்தில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழும் ஃப்ளாப்பிலேயே பாதி தடவை விட்டுவிடுவீர்கள். போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

இப்போது கிங்-3 ஆஃப்சூட்டையும் 8-6 சூட்டட்டையும் (இரண்டும் ஒரே சின்னம்) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரைஸ் பட்டனிலிருந்து வந்தால் இரண்டுக்கும் கால் பண்ணுவேன். அவர் கண்டதையும் வைத்து ரைஸ் பண்ணுவார், ஜோடி சேராத கிங்கே சில தடவை பாட்டை எடுத்துவிடும். முதல் இருக்கைக்காரர் ரைஸ் பண்ணி மற்றவர்கள் ஒதுங்கினாலும் விலை அதே 35-க்கு 10தான். ஆனால் பின்னால் ஐந்து பேர் பேச இருந்தும் ரைஸ் பண்ணியதால், அவர் கையில் ஏஸ்-கிங், கிங்-குயின் இருக்க வாய்ப்பு அதிகம். ஏஸ்-கிங்குக்கு எதிரே கிங்-3 சுமார் 25 சதவீதம், 8-6 சூட்டட் சுமார் 40. பார்க்கப் பெரிய சீட்டுதான் இங்கே காலை வாரும். கிங்-9-4 என்று ஃப்ளாப் விழுந்தால் விட மனசு வராது. 10, 20, 20 என்று ஒவ்வொரு சுற்றிலும் கால் பண்ணி, கடைசியில் அவர் கிங்-ஜாக்கைத் திருப்பும்போது 50 போயிருக்கும். 8-6-க்கு இந்தச் சபலமே கிடையாது. ஒட்டினால் இருக்கும், ஒட்டாவிட்டால் போய்விடும். ஆகவே அங்கே கிங்-3-ஐக் கவிழ்த்துவிடுவேன், 8-6-ஐ வைத்துக்கொள்வேன்.

ஸ்மால் பிளைண்ட் ரைஸ் பண்ணினால் பாட்டில் 30தான் இருக்கும், தேவை 25 சதவீதம். கணக்கில் மோசம், ஆனால் கடைசியில் பேசுவது நீங்கள். எனக்கு அதுதான் சுகம்.

திருப்பி ரைஸ் பண்ணுவது? இந்தத் தரச் சீட்டுகளுக்கு வேண்டாம்.

2015-இல் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட செஃபியஸ் என்ற நிரல், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமுக்குக் கிட்டத்தட்டத் தீர்வே கண்டுவிட்டது. பட்டனுக்கு எதிர் இருக்கையில் அது, பல மனித ஆட்டக்காரர்கள் கவிழ்க்கும் சீட்டுகளையும் வைத்து ஆடியது. ஆனால் அதற்கு மேசை வாடகை கிடையாது. கிளப்காரர் பாட்டிலிருந்து 4 டாலர் எடுத்தால் தேவை 24 சதவீதத்தைத் தாண்டிவிடும். அங்கே நான் முதலில் கழற்றிவிடுவது ஜாக்-4, 9-3 மாதிரி ஆஃப்சூட்டுகளைத்தான்.