ஹெட்போன் ஆம்ப்பைச் சர்வீசுக்குக் கொடுத்தவர்கள் மூடியைத் திறந்து பாருங்கள்: போலி ஓபிஏ 627 பற்றி ஓர் எச்சரிக்கை

விலை உயர்ந்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக அதைச் சென்னையில் சர்வீசுக்கோ "அப்கிரேடு"க்கோ கொடுத்தவர்கள், இதை முழுக்கப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது ஒரே கடையில். ஆம்ப் பழுதானதற்குக் காரணமே அவர்கள் விற்ற பொருள்தான். பழுதைச் சரிசெய்து, ஓபிஏ 627 என்ற விலை உயர்ந்த பெருக்கிச் சிப்பைப் போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள்; இரண்டையும் செய்யவில்லை. அப்புறம் அதே ஆம்ப்பை மட்டம் என்று காட்டி இன்னொன்றை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

என்னுடையது முழு பேலன்ஸ்டு ஆம்ப். முன்பக்கம் சாதாரண 6.35 மி.மீ. ஜாக் ஒன்று, பேலன்ஸ்டு வெளியீட்டுக்கான நான்கு பின் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் ஒன்று. கேட்பது பெரும்பாலும் சென்ஹைசர் எச்டி 650-இல், எக்ஸ்எல்ஆர் கேபிளில். நண்பர் ஒருவரின் ஹெட்போனுக்குச் சாதாரண பிளக் மட்டும்தான். அதை எக்ஸ்எல்ஆரில் போட்டுக் கேட்க முடியுமா என்று அந்தக் கடையில் கேட்டபோது ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு முனை எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக், மறுமுனை 6.35 பெண் சாக்கெட். பேலன்ஸ்டு ஆம்ப்பில் இதைப் போடலாமா என்று தெளிவாகவே கேட்டேன். "தாராளமா போடலாம் சார், ஒன்னும் ஆகாது. எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

போடவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். பேலன்ஸ்டு ஆம்ப்பில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பெருக்கிகள்: ஒன்று சிக்னலை அப்படியே தரும் (நேர்), மற்றது தலைகீழாகத் தரும் (எதிர்). பின் 1 இடது நேர், பின் 2 இடது எதிர், பின் 3 வலது நேர், பின் 4 வலது எதிர். இதில் எதுவும் கிரவுண்ட் இல்லை, நான்குமே உயிருள்ள வெளியீடுகள். சாதாரண பிளக்கிலோ இரண்டு காதின் எதிர்க் கம்பிகளும் ஒரே உலோகத்தில் சேர்ந்திருக்கும். ஆக அந்த அடாப்டரைச் செருகிய கணமே பின் 2-ம் பின் 4-ம் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகின்றன. ஸ்டீரியோ பாட்டில் இடமும் வலமும் வேறுவேறு சிக்னல் என்பதால் இரண்டு பெருக்கிகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டு சூடேறும். நல்ல பாதுகாப்புச் சுற்று இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். (இதற்கு நேர் எதிரான அடாப்டர், அதாவது ஆம்ப்பின் 6.35 ஜாக்கில் செருகி பேலன்ஸ்டு ஹெட்போனை மாட்டுவது, ஆபத்தில்லாதது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு விற்கிறார்கள்.)

இதெல்லாம் அப்போது தெரியாமல், அவர் சொன்னதை நம்பி அடாப்டரைச் செருகினேன். அன்று இரவே எக்ஸ்எல்ஆரில் இடது காது உடைந்து ஒலிக்க ஆரம்பித்தது. மெதுவான பாட்டில் தெரியாது, பேஸ் கிட்டார் ஏறும் இடத்தில் கரகரவென்று கிழியும். சர்வீசும் செய்வதாக அவர்கள் விளம்பரம் செய்வதால் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாள் கழித்து போன் வந்தது. "லெஃப்ட் சேனல் போச்சு சார். உள்ள இருக்கிற சிப்பே மட்டமானது. பர்-பிரவுன் 627 போட்டுடலாம், வேற லெவல்ல இருக்கும்." (பர்-பிரவுன் என்பது ஓபிஏ 627-ஐ உருவாக்கிய நிறுவனம்.) பில் இப்படி: சர்வீஸ் கட்டணம் ரூ. 2,500, ஓபிஏ 627 இரண்டு எண்ணம் ரூ. 9,000. பழைய சிப்களைக் கேட்டேன். தூக்கிப் போட்டாச்சு என்று பதில்.

எடுக்கப் போனபோது அவர்களுடைய ஹெட்போனைச் செருகிப் போட்டுக் காட்டினார்கள். சுத்தமாக ஒலித்தது. வீட்டுக்கு வந்து எக்ஸ்எல்ஆரில் போட்டால் இடது காதில் அதே கிழிசல். இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். என்னுடையதைப் போன்ற பல பேலன்ஸ்டு ஆம்ப்களில் 6.35 ஜாக் நேர்ப் பக்கப் பெருக்கிகளை மட்டும்தான் பயன்படுத்தும். எதிர்ப் பக்கம் முழுவதும் செத்துக் கிடந்தாலும் அந்த ஜாக்கில் பாட்டு அருமையாக வரும். அவர்கள் போட்டுக் காட்டியது அந்த ஜாக்கில்தான். பழுது எக்ஸ்எல்ஆரில் என்று சர்வீஸ் சீட்டிலேயே எழுதியிருந்தும் அதில் சோதிக்கவில்லை.

பழைய கிழிசலோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. வால்யூமைத் திருப்பும்போது இரண்டு காதிலும் சரசரவென்று சத்தம். இது முன்பு இல்லவே இல்லை. மூடியைத் திறந்தேன்.

எட்டுக் கால் சாக்கெட் இரண்டு, ஒவ்வொன்றிலும் "ஓபிஏ 627" என்று அச்சிட்ட சிப் நேராகச் செருகியிருந்தது. அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஓபிஏ 627 ஒற்றை ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்). எட்டுக் கால் இருந்தாலும் உள்ளே ஒரே ஒரு பெருக்கிதான். அதன் வெளியீடு ஆறாவது காலில், நேர் மின்சாரம் ஏழாவது காலில். என் ஆம்ப்பின் சாக்கெட்டோ இரட்டைச் சிப்புக்கானது. அங்கே ஏழாவது கால் இரண்டாம் பெருக்கியின் வெளியீடு, நேர் மின்சாரம் வருவது எட்டாவது காலில். உண்மையான 627-ஐ அந்தச் சாக்கெட்டில் நேராகச் செருகினால் அதற்குச் சரியான காலில் மின்சாரமே போகாது, பாட்டு வர வழியில்லை. 627-ஐப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு சின்னப் பலகையில் இரண்டிரண்டாக சால்டர் செய்து சாக்கெட்டுக்கு ஒரு பலகை மாட்ட வேண்டும். மொத்தம் நான்கு சிப் தேவை. பில்லில் இருப்பதோ இரண்டு. எழுத்து 627 என்கிறது, நேராக உட்கார்ந்து இரண்டு காதிலும் பாடுகிறது என்றால் அது 627 இல்லை. இதற்கு மேல் சோதனையே தேவையில்லை.

இருந்தாலும் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு சிப்பின் மேல் துடைத்தேன். கறுப்புப் பூச்சு பஞ்சோடு வந்தது, அடியில் பழைய அச்சைத் தேய்த்த கோடுகள். மலிவான இரட்டைச் சிப்பைத் தேய்த்து, மேலே கறுப்புப் பூசி, புதுப் பெயர் அச்சடித்திருக்கிறார்கள். ஓபிஏ 627 இப்படிப் போலி செய்யப்படும் சிப்களில் பெயர்பெற்றது. முறையான விநியோகஸ்தரிடம் ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கில் வரும் என்பதால்தான்.

உள்ளே என்ன சிப் என்பதற்கு அந்தச் சரசரப்பே துப்பு. ஆம்ப்பில் முதலில் இருந்தது ஓபிஏ 2134. அது ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) உள்ளீடு கொண்டது, உள்ளீட்டில் இழுக்கும் மின்னோட்டம் சில பிக்கோ ஆம்பியர்தான். என்இ 5532 போன்ற பைபோலார் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) சிப் 200 நானோ ஆம்பியர் வாக்கில் இழுக்கும், பல்லாயிரம் மடங்கு. அந்த மின்னோட்டம் வால்யூம் கன்ட்ரோலின் வழியாக ஓடுவதால் திருப்பும்போதெல்லாம் டிசி (திசை மாறாத மின்னழுத்தம்) மாறும், அதுதான் காதில் சரசரப்பு. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இந்த ஆம்ப்பை வாங்கியபோது டிசி ஆஃப்செட்டை, அதாவது பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் டிசியை, அளந்து குறித்து வைத்திருந்தேன், 2 மில்லிவோல்ட். இப்போது திருப்பத் திருப்ப 5-லிருந்து 40 வரை ஏறி இறங்கியது. இதனால் எச்டி 650 எரிந்துவிடாது, அது 300 ஓம். ஆனால் உண்மையான 627-உம் ஃபெட் உள்ளீடுதான்; அது இருந்திருந்தால் இப்படி நடக்க வாய்ப்பில்லை. என்இ 5532 ரிச்சி தெருவில் மிகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிப். நல்ல சிப்தான், அதன்மேல் குறை இல்லை. அதை 4,500 ரூபாய்க்கு வேறு பெயரில் விற்றதுதான் திருட்டு.

படங்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு, நண்பரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உரிமையாளர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "உங்க ஆம்ப்போட டிசைனே அப்படித்தான் சார், இதுக்கு மேல அதுல ஒன்னும் எடுக்க முடியாது. இதைக் கேட்டுப் பாருங்க" என்று ஒரு லட்சத்தைத் தாண்டும் ஆம்ப் ஒன்றை என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். பழையதுக்கு எக்ஸ்சேஞ்சில் 15,000 தருவாராம். என் ஆம்ப்பில் 6.35 ஜாக், அவருடையதில் பேலன்ஸ்டு ஜாக். அவருடையது பெரிதாக, திறந்து, கிட்டத்தில் ஒலித்தது. ஒலிக்கத்தானே செய்யும்? பேலன்ஸ்டு வெளியீட்டில் பொதுவாக வோல்டேஜ் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடுதல். சற்றுச் சத்தமாக இருப்பதை நம் காது "தெளிவு" என்றும் "விரிவு" என்றும்தான் எடுத்துக்கொள்ளும். யாருடைய காதும் விதிவிலக்கு இல்லை.

மீட்டரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். ஒரே டோனைப் போட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே அளந்தேன். என்னுடையதில் 0.42 வோல்ட், அவருடையதில் 0.80. கிட்டத்தட்ட அந்த 6 டெசிபெல்தான். அவருடையதை 0.42-க்கு இறக்கி, நண்பரைத் திரும்பி உட்காரச் சொல்லி மாற்றி மாற்றிப் போட்டேன். எது பாடுகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குள் உரிமையாளர் குறுக்கே வந்துவிட்டார். "மீட்டர் வெச்சா சார் பாட்டு கேப்பாங்க?"

வைக்கத்தான் வேண்டும். ஆம்ப் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்பது வீண். 0.1 டெசிபெல் என்பது வோல்டேஜில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அந்த அளவுக்கு இரண்டையும் நெருக்கிக் கொண்டுவர வேண்டும். 300 அல்லது 400 ஹெர்ட்ஸ் டோன் போதும். விலை குறைந்த பல மல்டிமீட்டர்கள் அதற்கு மேல் ஏசி வோல்டேஜைச் சரியாகக் காட்டாது என்பதால் 1,000 ஹெர்ட்ஸ் போடாதீர்கள்.

எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே ஒரு வால்வு ஆம்ப்பும் இருந்தது, அது நிஜமாகவே வேறு மாதிரி ஒலித்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களின் வெளியீட்டுத் தடை (வெளியீட்டில் ஆம்ப்புக்கே உள்ள மின்தடை) 100 ஓமைத் தாண்டுவது சாதாரணம். எச்டி 650-இன் தடையோ பேஸ் பகுதியில் 300-லிருந்து 500 ஓம் பக்கம் ஏறும். இரண்டும் சேர்ந்தால் பேஸ் சுமார் 1 டெசிபெல் தூக்கும். அந்த இதம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே ஆம்ப்பில் 32 ஓம் ஹெட்போனை மாட்டிக் கொடுத்து "வார்ம் சவுண்டு" என்று விற்பது அநியாயம், அங்கே அது பாட்டையே மாற்றிவிடும். வெளியீட்டுத் தடை ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. வாங்குமுன் அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் லட்ச ரூபாய் ஆம்ப் வாங்க வேண்டியதில்லை.

ஆம்ப்பைக் கடைசியில் சரிசெய்தது அண்ணா சாலைப் பக்கம் ஒரு சின்ன அறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். திறந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸ்எல்ஆர்ல என்ன சொருகினீங்க?" அடாப்டரைக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டார். இடது எதிர்ப் பக்கத்தில் பிடி 139, பிடி 140 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியும் ஒரு ரெசிஸ்டரும் போயிருந்தன. ரெசிஸ்டர் பழுப்பேறிக் கருகி, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. "இந்தப் பக்கம் சால்டரிங் அயர்னே படலை தம்பி" என்றார். அதாவது 2,500 ரூபாய் சர்வீஸ் என்பது இரண்டு போலிச் சிப்பைச் செருகியது மட்டும்தான். அவர் டிரான்சிஸ்டர் ஜோடியையும் ரெசிஸ்டரையும் மாற்றி, புது ஓபிஏ 2134 போட்டார். என் கண் முன்னாலேயே நான்கு பின்னையும் கிரவுண்டுக்கு வைத்து அளந்து காட்டினார். எல்லாம் 3 மில்லிவோல்ட்டுக்குள். வாங்கியது 1,400 ரூபாய், சிப் விலையும் சேர்த்து.

கடை பணத்தைத் திருப்பித் தரவில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். கடை பதிலே சொல்லாததால் மாவட்ட ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "ஓபிஏ 627 இரண்டு எண்ணம்" என்று எழுதிய பில், எக்ஸ்எல்ஆர் பழுது என்று குறித்த சர்வீஸ் சீட்டு, துடைத்த சிப்பின் படம், அண்ணன் எழுதிக் கொடுத்த அளவுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். விசாரணை இன்னும் நடக்கிறது. உங்கள் ஆம்ப்பிலும் யாராவது 627 போட்டுக் கொடுத்திருந்தால், சாக்கெட் ஒற்றையா இரட்டையா என்று முதலில் பாருங்கள். இரட்டைச் சாக்கெட்டில் சிப் நேராக உட்கார்ந்திருந்தால் பில்லையும் சிப்பையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், அந்தக் கடையிடமே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.