டிசம்பரில் பாடம் நடத்தத் தான்சானியாவுக்குக் கூப்பிடுகிறார்களா? பணம் கட்டுமுன் படியுங்கள்

தான்சானியாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் ஆரம்பத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது ஆண்டு விடுமுறை. கென்யாவிலும் உகாண்டாவிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். இதைச் சொல்லாமல் மறைத்துத்தான் ஒரு நிறுவனத்தார் என் தலையில் 'கிறிஸ்துமஸ் கால தன்னார்வ ஆசிரியர்' திட்டத்தைக் கட்டினார்கள்.

விளம்பரத்தில் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. அருஷா பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி, காலையில் ஆங்கிலமும் கணக்கும், சாயங்காலம் பிள்ளைகளோடு கேரல் பயிற்சி, வார இறுதியில் சஃபாரி. சஃபாரிக்குத் தனிக் காசு. பணம் கட்டுவதற்கு முன்பே பள்ளியின் பெயரைக் கேட்டேன். "குழந்தைகள் பாதுகாப்புக்காக, இங்கே வந்த பிறகுதான் சொல்வோம்" என்று பதில் வந்தது.

கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து எங்களைக் கூட்டிப்போன ஒருங்கிணைப்பாளர் வண்டியிலேயே விஷயத்தை உடைத்துவிட்டார். பள்ளிக்கு லீவாம். அதனால் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாடம் எடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு டிசம்பரும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனவர் போல, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஒரு கரும்பலகையை மாட்டி வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பையனின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் கிழமைகளின் பெயர்கள், கீழே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். சில பக்கம் தள்ளி மறுபடியும் கிழமைகள், வேறொருவர் கையெழுத்தில் 'வெரி குட்'. அப்புறம் நிறங்கள், பழங்கள், திரும்பவும் கிழமைகள், சிரிப்பு முகம் போட்ட ஒரு ஸ்டிக்கர். வந்த டீச்சர்கள் எல்லாரும் திங்கள், செவ்வாயில் ஆரம்பித்துவிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பையனுக்கு ஏழு கிழமையும் தலைகீழாகத் தெரியும். நான் தடுமாறக் கூடாதே என்று எனக்காக மெதுவாகச் சொல்லிக் காட்டினான்.

கணக்குப் பாடமும் நடக்கவில்லை. அங்கே அரசு ஆரம்பப் பள்ளிகளில் பாடமொழி சுவாஹிலி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு உயர்நிலைக்குப் போன பிறகுதான் ஆங்கில வழி. சுவாஹிலி தெரியாத ஒருவரை ஆரம்ப வகுப்புக்குக் கணக்கு நடத்த அனுப்புகிறார்கள் என்றால், பாடம் நடந்தால் என்ன நடக்காவிட்டால் என்ன என்கிற தைரியம்தானே? அவர்கள் கொடுத்த பயிற்சிக் கையேட்டில் மொழியைப் பற்றி ஒரு வரி இல்லை. வெயிலுக்குப் பூசும் கிரீமுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அங்கே சமையல் செய்த அக்காவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அந்தப் பையனின் அம்மா மோஷியில் இருப்பதாக அவர்தான் சொன்னார். மோஷி கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து ஊர், அருஷாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சாக்கா மக்கள் எங்கே வேலை பார்த்தாலும் கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பெருநகரமான தார் எஸ் சலாமிலிருந்து அந்தப் பக்கம் போகும் பஸ்களில் அப்போது சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியிருக்க இவன் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நீங்கல்லாம் வந்திருக்கீங்களே" என்றார். எங்கள் கூட்டம் கிளம்பின பிறகு, ஜனவரியில் அனுப்புவார்களாம்.

அதாவது, நாங்கள் பாடம் நடத்தப் பிள்ளைகள் வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்கு விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கம்போடியாவிலும் நேபாளத்திலும் இதே வியாபாரம் எப்போதோ அம்பலமாகிவிட்டது. தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும் பிள்ளைகளை இல்லங்களில் சேர்த்து, அவர்களைக் காட்டி வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் வாங்குவது. இல்லங்களுக்குப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018ல் ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்குகளைத் தடுக்கச் சொன்னது. திட்டத்தை விற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

விசா விஷயத்திலும் கவனம். "டூரிஸ்ட் விசா போதும், கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்" என்று மெசேஜே அனுப்பினார்கள். பெரும்பாலான நாட்டவருக்கு அந்த விசா 50 டாலர். அதில் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்தாலும் சட்டவிரோதம்தான். குறுகிய காலப் பணிக்கு 250 டாலர் பிசினஸ் விசா இருக்கிறது. அதிக நாள் தங்கும் தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்பு குடியிருப்பு அனுமதி இருக்கிறது. மாட்டினால் நாடு கடத்தப்படுவது நாம்தான், மெசேஜ் அனுப்பியவர் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் வாங்கிக் கொடுத்த பொம்மைகளைப் பிள்ளைகள் பிரிக்கிற மாதிரி விதவிதமாகப் போட்டோ எடுத்தார்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் அத்தனையையும் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள்: 'உள்ளூர்ச் சூழலைப் பொறுத்து பணியிடம் மாறலாம்.' வருஷா வருஷம் தவறாமல் வரும் பள்ளி விடுமுறை எப்படி 'சூழல்' ஆகும்? கடைசியில் அடுத்த டிசம்பர் பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். பெரிய மனசு.

கார்டில் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் 'சொன்ன சேவை தரப்படவில்லை' என்று புகார் கொடுத்திருக்கிறேன். விசா கார்டு, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு, அதனால் மாட்டிக்கொண்டவர்கள் தள்ளிப்போடாதீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விசா பற்றி வந்த மெசேஜ், தான்சானியாவின் பள்ளி நாட்காட்டி மூன்றையும் இணைத்திருக்கிறேன். முடிவு வரும்வரை நிறுவனத்தின் பெயரைக் கேட்டு எழுத வேண்டாம்.

வேறு நிறுவனம் மூலம் போகிறவர்கள் பள்ளியின் பெயர், பருவம் தொடங்கும் முடியும் தேதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம், எந்த விசா என்பது நான்கையும் எழுத்தில் கேளுங்கள். 'பள்ளி' என்ற இடத்தில் 'இல்லம்' என்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வருட விளம்பரம் இப்போது சுற்றுகிறது. அதில் 'பள்ளி வகுப்பறை' என்று போட்டு, கரும்பலகை முன்னால் ஒருவர் நிற்கிற படம் இருக்கும். அது அந்த இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம். நிற்பது நான். என் அனுமதியும் வாங்கவில்லை, முன்வரிசையில் முகம் தெரிய உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. கண்ணில் பட்டால் ரிப்போர்ட் செய்யுங்கள்.