பழைய 16 அடி அலுமினியம் போட், யமஹா 40 மோட்டர், ரெயிலர்: வாங்கி ஓடிப் பாத்த பிறகு என்ர கருத்து

ரொறன்ரோவுக்கு வடக்க இருக்கிற ஏரி, லேக் சிம்கோவில மீன் பிடிக்கவெண்டு ரொறன்ரோவில செக்கன்ட் ஹாண்டா வாங்கினது. 16 அடி அலுமினியம் போட், பின்னால யமஹா எஃப்40, நாலு ஸ்ட்ரோக், மூண்டு சிலிண்டர், 747 சிசி. மோட்டரில எனக்கு முழுத் திருப்தி, சாவி திருப்பின உடன பிடிக்குது, மெல்லமா ஓடேக்க பக்கத்தில இருக்கிற ஆளோட சாதாரணமாக் கதைக்கலாம், பெற்றோலும் அளவாத்தான் குடிக்குது. ஆனா பழைய போட் வாங்கிற எங்கட ஆக்கள் மோட்டரைச் சுத்திச் சுத்திப் பாத்திட்டு, போட்டை ஏத்திக் காரில இழுக்கிற ரெயிலரைத் திரும்பியும் பாக்கிறேல்லை, நடுறோட்டில நிக்க வைக்கிறது அனேகமா அதுதான்.

முதல் மோட்டர். பாக்கப் போக முதலே விக்கிறவரிட்டை எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, குளிரா இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணினாத்தான் உண்மை தெரியும். தண்ணி இல்லாமல் ஓட விடாதேங்கோ, கீழ தண்ணி இழுக்கிற இடத்தில மஃப் (ஹோஸ் பூட்டுற ரப்பர் மூடி) மாட்டி ஹோஸைத் திறந்து விட்டிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேணும், அப்ப பின்னால இருக்கிற சின்னத் துவாரத்தால தண்ணி விடாமல் பீச்சி அடிக்க வேணும். சொட்டுச் சொட்டா வந்தா இம்பெல்லர் (தண்ணி இழுக்கிற ரப்பர் சில்லு) தேஞ்சிருக்கு, இல்லாட்டி வழி அடைச்சிருக்கு. பிறகு கியர் ஒயில். கீழ் ஸ்குரூவைக் கொஞ்சம் இளக்கி விரலில ரெண்டு சொட்டு விழ விட்டுப் பாருங்கோ, பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா சீல் போய் உள்ளுக்குத் தண்ணி இறங்கியிருக்கு, கனடாக் குளிருக்க அது உறைஞ்சு கியர் பெட்டியையே வெடிக்க வைக்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கிற அழுத்தம்) மூண்டு சிலிண்டரிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்க வேணும், பத்து வீதத்துக்கு மேல வித்தியாசம் எண்டா விட்டிட்டு வாங்கோ.

முந்தி வைச்சிருந்தவர் இந்த மோட்டரை ஆகக் கீழ பூட்டியிருந்தவர், ப்ரொப்புக்கு (தண்ணியைத் தள்ளுற விசிறி) மேல இருக்கிற தட்டு போட்டின்ர அடிமட்டத்தை விடக் கனக்கக் கீழ நிண்டது. அதால முழு த்ரொட்டில் குடுத்தாலும் 4700 ஆர்பிஎம்முக்கு (நிமிசத்துக்கு எஞ்சின் சுத்துற அளவு) மேல ஏறேல்லை, யமஹா சொல்லுற அளவு 5000 இலிருந்து 6000. ஒரு ஓட்டை மேல தூக்கிப் பூட்டி, ரெண்டு இன்ச் பிட்ச் (ஒரு சுத்துக்கு ப்ரொப் முன்னுக்குப் போற கணக்குத் தூரம்) குறைஞ்ச ப்ரொப் போட்ட பிறகு நாலு பேரோடயும் 5300 தாண்டுது. பிட்ச் ஒரு இன்ச் குறைஞ்சா ஏறத்தாழ 200 ஆர்பிஎம் கூடும் எண்டது பொதுவான கணக்கு.

இப்ப ரெயிலர். ரெயிலரின்ர முன் நுனியில காரில பூட்டுற கப்ளரில அடிச்சிருக்கிற அளவும் காரில இருக்கிற பந்தின்ர அளவும் ஒண்டா இருக்க வேணும், ரெண்டு இன்ச் கப்ளரை அதை விடச் சின்னப் பந்தில கொழுவினா பூட்டின மாதிரித்தான் தெரியும், ஒரு குழியில விழுந்தாக் கழண்டிடும். சங்கிலி ரெண்டையும் கீழால குறுக்கா மாட்டுங்கோ. கப்ளரில இறங்கிற பாரம் மொத்தத்தில பத்து வீதமளவு வேணும், என்ரது எல்லாம் சேத்து 700 கிலோ கிட்ட, அப்ப 70 கிலோ. கனக்கக் குறைஞ்சா ஹைவே 400 இல ரெயிலர் ரெண்டு பக்கமும் ஆடத் துவங்கும், அப்ப வின்ச் (போட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை) கம்பத்தோட போட்டையும் முன்னுக்கு நகர்த்த வேணும். மோட்டர் நிமித்தின படி குலுங்காமல் அதுக்கு ஒரு முட்டுக் குடுங்கோ. சில்லுப் பேரிங் எப்ப மாத்தினதெண்டு விக்கிறவருக்கே தெரியாட்டி மாத்துறதுதான் புத்தி. கொஞ்சத் தூரம் ஓடி நிப்பாட்டி ஹப்பில (சில்லின்ர நடு) கை வையுங்கோ, இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்கேலாட்டி அதோட மேல போகாதேங்கோ. ரயரில பூ இருந்தாலும் பக்கச் சுவரில வெடிப்பிருக்கோ எண்டு குனிஞ்சு பாருங்கோ.

சிம்கோக் கரையில இருக்கிற இனிஸ்ஃபில் பீச் பார்க் ராம்ப்பில (போட் இறக்கிற சரிவு) வரிசைக்குப் போக முதலே, போட்டில தண்ணி வடியிற ஓட்டையை மூடுற ட்ரெய்ன் ப்ளக்கைப் பூட்டி, லைட் வயரையும் போட்டை ரெயிலரோட கட்டுற பின் பட்டியையும் கழட்டுங்கோ, வின்ச்சை மட்டும் தண்ணிக்கு இறங்கும் வரை தொடாதேங்கோ. திரும்பி எடுத்தாப் பிறகு ப்ளக்கைக் கழட்டி, கொழுவிக் கிடக்கிற பாசி எல்லாம் பிடுங்கிப் போட்டுத்தான் றோட்டில ஏற வேணும், 2022 இலிருந்து ஒன்ராறியோவில அது சட்டம்.

நாலு பேர் மீன் பிடிக்கப் போக இந்த செட் தாராளம், ஆனா காத்து எழும்பினா சிம்கோ கெதியாக் குழம்பும், அப்ப இந்த அளவுப் போட்டில நடு ஏரிக்குப் போகாமல் ஏரியின்ர தெற்குக் குடா, குக்ஸ் பே பக்கமா நிண்டு கொள்ளுங்கோ.